வடக்கு முகத்து எழுத்தும் தெற்கு முகத்துக் கயிறும்

மலைக்குக் காவல் இருப்பவனுக்கு உள்ள ஒரே நிம்மதி, காக்க வேண்டிய பொருளை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதுதான். மற்றபடி, கோயில் வாசலிலோ பள்ளிக்கூட வாசலிலோ விசிலும் கையுமாக நின்றவர்களுக்கு என் கதை புதிதாக இருக்காது. நாமெல்லாம் ‘கூடாது’ என்று சொல்லியே பிழைத்தவர்கள்.

ஆடு

காவலுக்கு வருமுன் பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தேன். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடலுக்கு ஒருவர் ஊடிழை ஓட்டும் நாடாவை எறிந்தால் கரைக்கு இன்னொருவர் எறிய வேண்டும். கரைப்பக்கம் உட்கார்ந்தவள் என் மனைவி. அறுபதுகளின் நடுவில் அவள் இறந்துபோனாள். அந்த இடத்தில் வேறொருவரை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, திருமுக்கூடலுக்கு அப்பால் ஒரு பாறைக் குன்றுக்குத் தொல்பொருள் இலாகாவின் காவலாளி ஆனேன்.

குன்றின் வடக்கு முகத்தில் ஏழு வரிப் பழைய எழுத்து இருந்தது. அதைக் காகிதத்தில் ஒற்றிப் படி எடுக்க வந்தவர் நாலைந்து எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பேச ஆளில்லாத இடம் என்பதால் மீதியை நானே கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன். கோயிலில் விளக்கெரிக்க, நெய்க்காக யாரோ ஆடுகளைத் தானமாக விட்ட சேதி அது. பக்கத்து ஊர் முனியம்மாவின் ஆடுகள் அந்தப் பாறையில்தான் முதுகைத் தேய்க்கும். விரட்டினேன். ஏன் விரட்டுகிறேன் என்பது விளங்கட்டுமே என்று ஏழு வரியையும் அவளுக்குப் படித்தும் காட்டினேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: “இன்னாண்ணே, ஆடு விட்டாங்கன்னு நீயே படிக்கிற, என் ஆட்ட மட்டும் ஏன் தொரத்துற?”

ஆணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து நாலு கல்லூரி மாணவர்கள் பாறை ஏறிப் பழகக் கயிறும் சுத்தியலுமாக வந்தார்கள். நான் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் வடக்கு முகத்தில் ஓர் இரும்பு ஆணியை அடித்துவிட்டிருந்தார்கள். கடைசி வரியில் ஓர் எழுத்தின் மூலை பெயர்ந்து கீழே கிடந்தது. விசில் ஊதினேன். இறங்கி வந்த நால்வரையும் நிற்கவைத்து, விரலால் தடவித் தடவிப் படித்துக் காட்டினேன். பெயர்ந்த சில்லை அவர்களில் பாஸ்கர் என்பவன் எடுத்து வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை.

சட்டப்படி நான் அன்றே மேலே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் குன்றை மூடிவிடுவார்கள். அடுத்த ஞாயிறும் அவர்கள் வந்தார்கள், எனக்கும் சேர்த்து இட்லிப் பொட்டலத்தோடு. ஒரு வாரத்துக்கு நான் பேசிய பேச்செல்லாம் அன்று காலையில் பேசியதுதான். நான் எழுதவில்லை. அது தப்புத்தான். ஆணி அடித்த அன்றைக்குப் பாஸ்கர் சொன்னதை நினைத்துச் சமாதானம் செய்துகொண்டேன்: “மழை அரிச்ச கோடுன்னு நினைச்சோம் அண்ணே. முன்னாடியே நீங்க படிச்சுக் காட்டியிருந்தா சுத்தியலையே வெளிய எடுத்திருக்க மாட்டோம்.”

பட்டை

தெற்கு முகத்தில் எழுத்து கிடையாது. ஏறுவதற்கும் அதுதான் நல்ல செங்குத்து என்றார்கள். அங்கே ஏறட்டும், ஆணி மட்டும் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எல்லை தெரிய வேண்டுமே என்று, கோயில் சுவருக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பும் காவியும் வாங்கிவந்து, எழுத்துக்கு முன்னால் கிடந்த தனிக்கல்லில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்தேன். என்னிடம் இருந்த சாயம் அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் அங்கே கற்பூரம் எரிந்தது. தேங்காய் உடைந்தது. விளக்குப் புகை எழுத்தின் மேல் கறுப்பாக ஏறியிருந்தது. மாணவர்களைத் தள்ளிவைக்கப் போய் ஊரையே கூட்டிவிட்டேன். முன்னால் நின்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் முனியம்மா. இங்கே சாமி இல்லை என்றேன். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. “பட்டையும் நீயே அடிச்சிட்டு, சாமி இல்லன்னும் நீயே சொன்னா எப்டிண்ணே? ஊருக்குள்ள வந்து சொல்லிப் பாரு, யாரு நம்புறாங்கன்னு.”

கயிறு

மற்ற மூவருக்கும் பரீட்சை. பாஸ்கர் மட்டும் வந்திருந்தான். ஏறுகிறவனுக்குக் கீழே ஒருவர் கயிறு பிடிக்க வேண்டுமாம். கயிற்றை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, எப்போது தளர்த்தி விட வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறினான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அவன் நகர்வது மட்டும் கயிறு வழியாகக் கைக்கு வந்தது. தறியை விட்டபின் அப்படி ஒன்று என் கைக்கு வந்ததே இல்லை.

இறங்கியதும் கேட்டான்: “நான் குரல் கொடுக்கறதுக்கு முன்னாடியே விடறீங்களே அண்ணே, இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

தணிக்கை

அதிகாரி வந்து புகையைப் பார்த்தார். ஆணி அடித்த பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். இடி விழுந்தது என்று சொல்லலாமா என ஒரு கணம் நினைத்தேன். அந்த ஏழு வரிக்கு எதிரில் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குன்று முழுக்க முள்கம்பி போட்டுவிடலாம் என்றார்.

வடக்கை மூடுங்கள், தெற்கில் என் எதிரில் ஏறட்டும் என்று கேட்டேன். பட்டைக் கல்லை மாடு கட்டி அடிவாரத்து வேம்படிக்கு இழுத்துவிட்டால் ஊரும் அங்கேயே கும்பிட்டுக்கொள்ளும் என்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: “கல்லை இழுத்துக்கோ. மத்ததை எழுதிக் கொடு, மேலே அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் ஒருத்தன் கால் வைக்கக் கூடாது.”

உத்தரவு

அந்த ஞாயிறு நால்வரையும் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பினேன். பதில் வந்தால் வேண்டியிருக்கும் என்று கயிற்றை என் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் போனான் பாஸ்கர். இரண்டு மழைக்காலம் கழித்து உத்தரவு வந்தது, நான் கேட்டது கேட்டபடியே. தெற்கு முகத்தில் ‘ஏறலாம்’ என்று பலகை நட்டேன். ஞாயிறுதோறும் பஸ் வருகிற நேரத்துக்குப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதம் ஒருமுறை கயிற்றை வெயிலில் காயவைத்தேன். படிப்பு முடிந்தவர்கள் எந்தெந்த ஊரிலோ வேலைக்குப் போயிருப்பார்கள்.

சில வருஷம் கழித்துப் பாஸ்கர் வந்தான். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் காஞ்சிபுரம் வந்தவன், வீட்டாரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, மினுக்கிய பூட்ஸோடு குன்றுக்கு வந்திருந்தான். எழுத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். நான் கயிற்றை எடுத்து வந்து நீட்டினேன். ஒரு முழத்தை முறுக்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தான். “இனிமே இதை நம்பி யாரும் ஏற முடியாதுண்ணே. வெயில்ல போட்டுப் போட்டே இத்துப் போச்சு.”

குன்றை மூடு என்றார்கள் மூடினேன், திற என்றார்கள் திறந்தேன்; திறந்தபோது வாசலில் ஆளில்லாததற்கு மட்டும் இலாகா என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.