கங்கப்பனின் கார்டில் உள்ளே போனவர்

சூளகிரியில் எங்கள் லைன் வீடுகளில் ஆறாம் நம்பர் கங்கப்பண்ணனுடையது, ஏழாம் நம்பர் எங்களுடையது. நடுவில் ஒரே ஒரு மெல்லிய சுவர். அவர் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கத்திலிருந்து "ஆமென்" என்று கத்துவேன். முதலில் கோபப்பட்டார். பிறகு தும்மிவிட்டு, சத்தம் வருகிறதா என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

இரும்பு உருக்கி வார்க்கும் கம்பெனியில் அவர் காண்ட்ராக்ட் ஆள். உலைக்குள் போடும் பழைய இரும்பில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஈரத்தோடு ஒரு துண்டு விழுந்தாலும் உருகிய இரும்பு வெடித்துத் தெறிக்கும். எட்டு வருடம் பார்த்ததில் உள்ளங்கையால் தடவியே ஈரம் சொல்லிவிடுவார். அதே எட்டு வருடத்துக்கு முன்புதான் குடியை விட்டு ஞானஸ்நானம் எடுத்தது. வீட்டில் பேசுவது தெலுங்கு, ஜெபம் மட்டும் தமிழ். பயம் வந்தால் ஜெபமும் தெலுங்குக்குப் போய்விடும்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அங்கே கேட்க முடியாமல் போன கேள்விகளையெல்லாம் அவரிடம் கேட்பேன்.

"ஏண்ணா, நீ பண்ண தப்புக்கு அவரு எதுக்கு சாவணும்? அவருக்கு வேற வேலை இல்லயா?"

"ஷிப்டு மாத்திக்கற மாதிரி பாப்பா. அது என் ஷிப்டு, என்னால முடியாது. அவரு உள்ள போயிட்டாரு. நான் வெளிய நிக்கறேன்."

"சூப்பர்வைசர் கண்டுபுடிக்கலயா?"

"மூணாம் நாள் அவரே எந்திரிச்சு வெளிய வந்துட்டாரே! சாவுக்குள்ள போனவரு திரும்பி வந்துட்டா அப்புறம் சாவுக்கு என்னா மரியாதை இருக்குது? அதான் ரட்சிப்பு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார்.

இந்த வருடம் புனித வெள்ளிக்கு அவருக்குப் பகல் ஷிப்டு விழுந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, இயேசு சிலுவையில் தொங்கிய நேரம் முழுக்க, சபையில் ஆராதனை நடக்கும். அதை அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. ஆள் அனுப்பும் மேஸ்திரி ராமப்பனிடம் லீவு கேட்டார். "உன் சாமி செத்து ரெண்டாயிரம் வருசம் ஆவுது. இன்னைக்குப் போயி என்னா பண்ணப் போற?" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

அப்போதுதான் மாதேஷ் வந்தார். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவர். ஊத்தங்கரை பக்கம் ஊர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். இவர் எங்கள் லைனின் கடைசி ரூமில் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு வார லீவு.

"உன் கார்டைக் குடு கங்கப்பா. நான் போறேன். நீ போயி உன் சாமிக்கு அழுதுட்டு வா."

இது எங்கள் லைனில் புதிதல்ல. பாதிப் பேர் எப்போதாவது ஒருவர் கார்டில் இன்னொருவர் போனவர்கள்தான். ஹெல்மெட், கண்ணாடி, மாஸ்க் போட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரே முகம். செக்யூரிட்டி கார்டைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் மாதேஷ் அதைக் கங்கப்பண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்.

முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. பழைய இரும்புக் குவியல் வெளியில் நனைந்து கிடந்திருக்கும். அதை மாதேஷிடம் சொல்ல வேண்டும் என்று அண்ணன் நினைத்திருந்தாராம். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற அவசரத்தில் மறந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை மணிக்கு அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் மளிகைக் கடைக்கு மேஸ்திரியின் போன் வந்தது. உலை வெடித்துக் கங்கப்பன் மேல் தெறித்துவிட்டது, கிருஷ்ணகிரிக்கு ஆம்புலன்ஸ் போகிறது, அவன் பொண்டாட்டி போன் அணைந்து கிடக்கிறது, ஆள் அனுப்பிச் சொல்லுங்கள் என்றார். நான் செருப்பில்லாமல் சபைக்கு ஓடினேன்.

எல்லோரும் வெள்ளைத் துணியில் முழங்காலில் இருந்தார்கள். பெண்கள் பக்கம் அண்ணனின் மனைவி பொற்கொடி அக்காவைத் தேடி அவர் காதில், "அக்கா, அண்ணன் மேல இரும்பு தெறிச்சுடுச்சாம்" என்றேன். தலையைத் தூக்கினால், ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா என் தொடையில் நன்றாகக் கிள்ளினார். "இந்த நாள்லகூட வெளையாட்டாடி உனக்கு? நாசமாப் போறவளே!"

நான் செய்த குறும்பு கொஞ்சநஞ்சமல்ல, என்னை யார் நம்புவார்கள்? ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கை மெதுவாக நெஞ்சுக்குப் போய், தினமும் கார்டு தொங்குகிற இடத்தைத் தடவியது. "தேவுடா" என்றார். அது அந்த மௌனத்தில் சபை முழுக்கக் கேட்டது.

வெளியே வந்து மேஸ்திரிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"மேஸ்திரி, நான் கங்கப்பன்."

"எந்தக் கங்கப்பன்? கங்கப்பன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். பாதி ஒடம்பு வெந்து போச்சு."

"அது மாதேஷு, மேஸ்திரி. நான் சபையில..."

"வாய மூடு. நான் சொல்றதக் கேளு. வைத்தியம் உன் காப்பீட்டுக் கார்டுல நடக்குது. பேர மாத்தினா நடுவுல நிறுத்திருவாங்க, அவன் செத்துருவான். அப்புறம் கார்டு மாத்துன அத்தன பேருக்கும் வேலை போவும், நீ ஜெயிலுக்குப் போவ. அவன் பொழைச்சு வர்ற வரைக்கும், கேக்கறவங்களுக்கு நீதான் ஆஸ்பத்திரியில இருக்கற. பொண்டாட்டிய அங்க அனுப்பு. நீ வெளிய தலை காட்டாத."

அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயம் போதுமாக இருந்தது. பொற்கொடி அக்கா தன் புருஷனல்லாத ஒருவருக்குப் பொண்டாட்டியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அண்ணன் வீட்டுக்குள் போய், வெளியே பூட்டச் சொன்னார். சாவி என்னிடம். ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓடுவது என் பழைய தொழில்தான். உள்ளே இருப்பவரே பூட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை முழுக்க அந்த ஷீட் கூரைக்குக் கீழே கிடந்தார். உள்ளே மாதேஷின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரையில் அவர் மனைவி பெயர் "மாதேஸ்வரி" என்று வரும், அணையும், மறுபடி வரும். அண்ணன் அதைத் தரையில் வைத்து, பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பேசேண்ணா."

"என்னான்னு பேசறது?"

மத்தியானம் ஜன்னல் கம்பி வழியாகச் சோறு நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, அன்னைக்கு ஒரு கைதிய வுட்டுட்டு, அவனுக்கு பதிலா இயேசுவக் கொன்னாங்க. அந்தக் கைதி சாயங்காலம் எங்க போயிருப்பான்?"

"வூட்டுக்குத்தான்."

"வூட்டுக்குப் போயி?"

"சோறு தின்னுருப்பான்."

தட்டைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டார். நான் என் வாயை நொந்துகொண்டேன்.

இருட்டும் நேரத்துக்குப் பொற்கொடி அக்கா வந்தார். நான் பூட்டைத் திறந்தேன். நின்றபடியே சொன்னார்: "கண்ணத் தொறந்தாரு. என்னப் பாத்ததும் மூடிக்கிட்டாரு. நர்சு 'கங்கப்பா, கங்கப்பா'ன்னு கூப்புடறாங்க. அசையவே இல்ல."

"நாளைக்கு மூணாவது நாளு," என்றார் அண்ணன். "நான் ஜெபம் பண்ணிட்டே இருக்கறேன். எந்திரிச்சிருவான்."

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அவரு சாமி இல்லய்யா, ரெண்டு புள்ள பெத்த மனுசன்! நீ உயிரோட இருக்கறன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான் அவரு பொண்டாட்டிக்கு அவரு எங்கன்னு தெரியும். அவரு எந்திரிக்கட்டும்னு நீ இங்க குந்தியிருக்கற. எந்திரிக்க வேண்டியது நீ!"

அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நான் மறுபடி பூட்டினேன்.

ஞாயிறு விடியற்காலை சபையார் கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டு போன சத்தத்தில் விழித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. அடித்து நிற்கவில்லை. எடுத்துவிட்டார்.

"மாதேஸ்வரி, நான் கங்கப்பன் பேசறேம்மா. உன் வூட்டுக்காரர் என் கார்டுல போனாரு. உலை வெடிச்சுடுச்சு. கிருஷ்ணகிரியில இருக்காரு. வா. என் பேரச் சொல்லித் தேடு... ஆமா, என் பேருதான். வா தாயி."

பிறகு கதவு தட்டப்பட்டது, உள்ளேயிருந்து. "பாப்பா, தொறந்து வுடு."

"மேஸ்திரி கொன்னுருவாருண்ணா."

"தொறந்து வுடும்மா."

பூட்டைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தவர் வெள்ளிக்கிழமை போட்ட அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார், வியர்வையில் ஊறி, கசங்கி. தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அத்தாவிடம் சொல்லிவிட்டு நானும் பஸ் ஏறினேன். வழி நெடுக அவர் உதடு தெலுங்கில் அசைந்துகொண்டிருந்தது.

தீக்காய வார்டு வாசலில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து, சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார். "புத்தி கெட்டுப் போச்சாடா? திரும்பிப் போடா."

அதே நேரம் நர்சு வெளியே வந்து, "கங்கப்பனோட சொந்தக்காரங்க யாரு?" என்றார். பொற்கொடி அக்கா பெஞ்சிலிருந்து எழவில்லை. அண்ணன் மேஸ்திரியின் கையை எடுத்துவிட்டு முன்னால் போனார்.

"கங்கப்பன் நான்தாங்க. உள்ள இருக்கறவரு பேரு மாதேஷ். எழுதிக்கங்க."

நர்சு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அண்ணனை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தார். வைத்தியத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று அண்ணன் கைகூப்பினார். "அதெல்லாம் யாரும் நிறுத்த மாட்டாங்க. ஆனா போலீசுக்குச் சொல்லித்தான் ஆவணும்" என்றார் டாக்டர். மேஸ்திரி அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்.

ஒன்பது மணிக்கு மாதேஸ்வரி வந்தார். வழி கேட்டு ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. நான்தான் வார்டுக்குக் கூட்டிப்போனேன். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாதேஸ்வரி குனிந்து ஏதோ சொன்னார். மூன்று நாளாகக் கூப்பிட்ட பெயருக்கு அசையாதவர் தலையை அந்தப் பக்கம் திருப்பினார்.

அது போதும் என்று நான் நினைத்தேன். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. "இன்னும் எதுவும் சொல்ல முடியாது, ஒரு வாரம் தாண்டணும்" என்றார்.

மாதேஸ்வரி வெளியே வந்ததும் அண்ணன் சுவரோரம் எழுந்து நின்றார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் அண்ணனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தண்ணி வேணுங்கறாரு. குடுக்கக் கூடாதுங்கறாங்க."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் மேலே வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள். அவர்கள் பெயரை வாசிப்பதற்குள் அண்ணன் அவர்கள் முன்னால் போய் நின்றுகொண்டார்.