சிறுத்துப்போன எழுத்து

முதலில் கை நடுங்கவில்லை, எழுத்துதான் சிறுத்தது. 1960களின் தொடக்கத்தில் திருமயத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்துவந்தேன். ஒரு கிரயப் பத்திரத்தின் முதல் வரி புளியங்கொட்டை அளவில் தொடங்கி, கடைசி வரி கடுகளவில் முடிந்திருந்தது. பதிவு அலுவலகக் குமாஸ்தா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"படிக்க முடியலைங்க. வேற எழுதிட்டு வாங்க."

பிறகு, மடியில் சும்மா கிடக்கும்போது வலது கை விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல் அசையத் தொடங்கின. வாசற்படி அருகே வந்தால் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. குடித்திருக்கிறேன் என்று சிலர் பேசினார்கள்.

மதுரையில் ஒரு மருத்துவர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் (நடுக்கவாதம்) என்றார்.

"மூளைக்குள்ள கருப்பா ஒரு சின்ன இடம் இருக்குங்க. அங்க நரம்புச் செல்லெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா செத்துப்போகுது. அந்தச் செல்லுக்குள்ள உருண்டை உருண்டையா ஏதோ படிஞ்சிருக்கு. புரதம்னு சொல்றாங்க."

"ராப்பகலா எழுதுனதால வந்துச்சுங்களா?"

"இல்லைங்க. எதனால வருதுன்னே யாருக்கும் தெரியலை. முழுசா குணமாக்க முடியாது, நடுக்கத்தைக் குறைக்கலாம்."

வெளியே வந்ததும் என் மனைவி சிவகாமி சொன்னாள்: "ஒங்க மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாருல்ல. வாங்க, காபி குடிப்போம்."

மாத்திரையால் நாக்கு வறண்டது. நடுக்கம் பாதி குறைந்தது. எழுத்து மட்டும் வளரவில்லை.

ஒருநாள் வாசற்படியருகே நின்றுபோனவன், குறுக்கே கிடந்த உலக்கையைச் சட்டென்று தாண்டிவிட்டேன். சிவகாமி கவனித்துவிட்டாள். "கண்ணு முன்னால கோடு இருந்தா கால் போகுதுங்க!" படிக்கு முன்னால் சாக்கட்டியால் கோடிழுத்தாள். பிறகு காகிதத்திலும் பென்சிலால் இரண்டிரண்டு கோடுகள் போட்டுக் கொடுத்தாள். அவற்றுக்கு நடுவே என் எழுத்து பழைய உயரத்துக்கு நிமிர்ந்தது. மை காய்ந்ததும் கோடுகளை அழித்துவிடுவாள்.

இப்போது நாளுக்கு ஒரு பத்திரம்தான். இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன்: சட்டைப் பொத்தான் போட எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. முன்பு அதை வீணான நேரமென்று நினைத்துச் சினந்தேன். இப்போது ஒவ்வொரு பொத்தானும் துளைக்குள் நுழைவதை விரல்நுனியில் உணர்கிறேன். ஒன்பது மணிக்குக் கிளம்ப எட்டுக்கே ஆரம்பித்துவிடுகிறேன்.

சென்ற வாரம் மதியத் தூக்கத்திலிருந்து விழித்தேன். பக்கத்தில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குறே?"

"தூங்கயில ஒங்க கை அசையவே மாட்டேங்குது. அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

குனிந்து கையைப் பார்த்தேன். அதற்குள் விரல்கள் ஆரம்பித்துவிட்டன. நான் காண முடியாத அந்த அமைதியை அவளாவது பார்த்தாளே என்று நிறைவாக இருந்தது.