ஹில்டா ஹோல்ராய்ட் வீட்டுக்குப் புது பாய்லர்

வீட்டைச் சூடாக்கும் பாய்லரை மாற்றப்போகிற வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டு நாளைக்கு உங்கள் வீடு உங்களுடையதாக இருக்காது என்பதைத்தான். தண்ணீர் நிற்கும், கேஸ் நிற்கும், கம்பளத்தைச் சுருட்டுவோம், தரைப் பலகையைப் பெயர்ப்போம், சுவரில் ஓட்டை போடுவோம். செங்கல் தூசி சர்க்கரை டப்பாவுக்குள்கூடப் போய் உட்காரும். சிலர் முகம் சுளிப்பார்கள். ஹில்டா ஹோல்ராய்ட் மட்டும், "அவ்வளவுதானா? சரி கண்ணு, எப்ப வர்றே?" என்று கேட்டார்.

ஹாலிஃபாக்ஸில் மேட்டுத் தெருவில் கடைசி வீடு அவர்களுடையது. அக்டோபரிலேயே நான் அங்கே போயிருந்தேன். சமையலறை மூலையில் முப்பது வருடத்துப் பழைய பாய்லர் ஒரு அலமாரி அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. எரிவது சுத்தமாகத்தான் எரிந்தது, ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே அரித்துவிட்டது, இதற்கு உதிரிப் பாகம் இப்போது யாரும் செய்வதில்லை, பனி விழுவதற்குள் மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். அவருடைய கணவர் வில்ஃப் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்னைப் புதைச்சுட்டுத்தான் அது ஓயும், நெவில். ரெண்டு பேர்ல யார் முந்தறோம்னு பாப்போம்."

ஹில்டா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டிய ஆண்கள் எல்லோருமே இப்படித்தான் பேசுவார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

இவர்கள் கல்யாணக் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹில்டா மிட்டாய்த் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஐம்பது வயதைக் கடந்துவிட்டார். காலை ஆறு பத்து பஸ்ஸில் பத்தொன்பது வருடம் ஏறினார். அதை ஓட்டியவர் வில்ஃப். அத்தனை வருடத்திலும் இருவரும் பேசியது "குட் மார்னிங்" மட்டும்தான். வில்ஃபின் மனைவி மேவிஸ் இறந்து இரண்டு வருடம் கழித்து ஒரு மழைநாளில் ஹில்டா நிறுத்தத்தில் இல்லை. வில்ஃப் வண்டியை எடுக்கவில்லை. நாலு நிமிஷம். பின்னாலிருந்து திட்டினார்கள். ஹில்டா நனைந்துகொண்டு ஓடிவந்து ஏறியதும், "நீங்க ஏறாம எடுத்தா வழி மறந்துபோற மாதிரி இருக்குங்க" என்றாராம் வில்ஃப். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். ஹில்டாவுக்கு ஐம்பத்து மூன்று, வில்ஃபுக்கு அறுபத்தொன்று. நான் அவர்களைப் பார்த்தபோது பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் பனி இறுகியபோது பாய்லர் உள்ளே விரிசல் விட்டு நின்றது. இரண்டு மின்சார ஹீட்டர்களை வைத்து நான்கு நாள் ஓட்டினார்கள். வில்ஃபுக்கு ஏற்கனவே பலவீனமான நெஞ்சு. சளி இறங்கி, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரத்தில் தேறிவிட்டார். வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் வீட்டில் சூடும் வெந்நீரும் இருந்தால்தான் அனுப்புவோம் என்று வார்டு நர்ஸ் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் ஹில்டா என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது மூன்று வாரத்துக்கு வேலை வரிசையில் இருந்தது. இரண்டு வீடுகளைத் தள்ளிப்போட்டு, புதன், வியாழன் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை வில்ஃப் வீட்டுக்கு வருவார் என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை மாலை போய் அளவெடுத்தேன். புது பாய்லர் சின்னது, சமையலறைச் சுவரில் தொங்கும், குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கிக் கொடுக்கும், அதனால் மாடியில் வெந்நீர் சேர்த்துவைக்கும் செம்புத் தொட்டி இனி வேண்டாம் என்று விளக்கினேன். அந்தத் தொட்டி இருந்த அலமாரியைக் காலி செய்து வைக்கச் சொன்னபோதுதான் ஹில்டா முதல்முறையாகத் தயங்கினார்.

அந்தக் கதகதப்பில் துணி வைப்பது எங்கள் எல்லா வீட்டிலும் வழக்கம்தான். இங்கே மூன்று தட்டு நிறைய மேவிஸின் துவாலைகள், படுக்கை விரிப்புகள். ஓரத்தில் பூவேலை, மூலையில் எழுத்து பின்னியவை. ஹில்டா தன் துணிகளைக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு நானும் என் மச்சான் டெரெக்கும் போனபோது அந்தத் துணிகள் பின்னறைக் கட்டிலில் தூசி படாமல் போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நடையில் பழைய போர்வைகளை ஹில்டாவே விரித்துவிட்டார். வாணலி, பானை, பக்கெட் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். அறை அறையாக, வெந்நீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டர்களில் இருந்த தண்ணீரை வடித்தோம். மை மாதிரி கறுப்பாக வந்தது. இதுவா இத்தனை வருஷம் வீடு முழுக்கச் சுத்திட்டிருந்தது என்று எட்டிப்பார்த்துச் சொன்னார். பழைய பாய்லரை நாங்கள் இருவரும் மூச்சுவாங்கத் தூக்கி வெளியே கொண்டுபோனோம். பிறகு செம்புத் தொட்டி. பிறகு புகைக்குழாய்க்காகச் சுவரைத் துளைத்தோம். அந்த ஓட்டை வழியாகக் குளிர்காற்று நேராக அடித்தது. ஹில்டா கோட்டும் தொப்பியுமாக அங்கேயே நின்று எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நாலரைக்குத் திரும்பினார். தொப்பியைக்கூட எடுக்காமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார்.

"மேவிஸ் சாமானை எடுத்து வெளியில வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்கன்னு சொன்னேன் கண்ணு. அதுக்கு அவரு என்ன சொல்றாரு தெரியுமா? அதையெல்லாம் நான் எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேன், உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சு விட்டு வெச்சேன்ங்கறாரு."

"நீங்க?"

"நான் தொட்டா அவரு மனசு கஷ்டப்படுமேன்னு பதினோரு வருஷமா தொடலை. மாசம் ஒரு தடவை வெயில்ல போட்டு மடிச்சு வேற வெச்சிருக்கேன்."

டெரெக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். வெள்ளிக்கிழமை வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று பிரிப்பதாகப் பேசியிருக்கிறார்கள். ஹில்டா போனபோது வில்ஃப் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டு மிச்சத்துக்கு உப்பு போதவில்லை என்று குறை சொன்னாராம். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார், இனி பயமில்லை என்றார் ஹில்டா.

வியாழக்கிழமை காலை குழாய்களை அலசிக் கழுவினோம். புது பாய்லரை மாட்டி, குழாய் இணைத்து, கேஸ் கசிவு இருக்கிறதா என்று அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை இருக்கும். முன்னறையில் போன் அடித்தது. ஹில்டா எடுத்தார். "ஆமாம், நான்தான்" என்று சொன்னது கேட்டது. நான் எட்டிப்பார்த்தபோது ரிசீவரைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார்.

"உடனே வரச் சொல்றாங்க. அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியலை."

பஸ்காரர் மனைவிக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. வேலையை டெரெக்கிடம் விட்டுவிட்டு அவரை என் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மடியில் கையுறையை நேராக்கிக்கொண்டே வந்தார். வார்டு வாசலில் நர்ஸ் எங்களைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வில்ஃப் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக எந்தச் சட்டை என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

ஹில்டா கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்குள் போனார். நான் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவர் கையில் வில்ஃபின் கண்ணாடியும் கடிகாரமும் ஒரு காகிதப் பையில் இருந்தன.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. டெரெக்குக்கு விஷயம் தெரியாது. வேலையை முடித்துப் பாய்லரைப் பற்றவைத்து, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றி, வீட்டையே கூட்டித் துடைத்து, வில்ஃபின் நாற்காலியை அதன் இடத்தில் போட்டு வைத்திருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக வெளியே போனான். ஹில்டா நடையில் இருந்த ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

வேலை முடிந்தால் வீட்டுக்காரருக்கு எல்லாம் விளக்கிவிட்டுத்தான் போக வேண்டும். நான் இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் கண்ணு, இப்பவே சொல்லிட்டுப் போ. நாளைக்கு எனக்குக் காது கேக்குமோ என்னமோ."

சொன்னேன். அழுத்தம் காட்டும் இந்த முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும், இறங்கினால் கீழே இந்தத் திருகைத் திறந்து தண்ணீரை உள்ளே விட வேண்டும். கடும் பனியில் பாய்லரின் கழிவுநீர் போகும் வெளிக்குழாய் உறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், கொதிக்கிற தண்ணீர் கூடாது. விஷவாயு அலாரம் கத்தினால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சான்றிதழ் தபாலில் வரும். வருடம் ஒரு முறை நான் வந்து பார்ப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். கடைசியில், சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் இருந்த சக்கரத்தைக் காட்டினேன். நர்ஸ் சொன்னபடி டெரெக் அதை இருபத்தொரு டிகிரியில் வைத்திருந்தான்.

"அது அவருக்குச் சொன்னது" என்றார் ஹில்டா. "தனியா ஒருத்திக்கு எவ்வளவு வெக்கணும்?"

முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுவே இருக்கட்டும் என்று என்னவோ சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார்.

அடக்கத்துக்குப் பஸ் டிப்போவிலிருந்து பதினாலு பேர் சீருடையில் வந்திருந்தார்கள். நானும் டெரெக்கும் பின்வரிசையில் நின்றோம்.

அடுத்த ஜனவரியில் பராமரிப்புக்குப் போனேன். ஹில்டா வீட்டுக்குள்ளேயே கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூட்டுச் சக்கரம் பதினாலில் இருந்தது. ஏன் இப்படி என்று கோபித்துக்கொண்டேன். வீடு சூடாக இருந்தால் யாரோ வரப்போகிற மாதிரியே இருக்கிறது, வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். நான் பதினெட்டுக்கு ஏற்றிவிட்டு, அவர் டீ போடும்வரை பேசிக்கொண்டிருந்தேன். போகும்போது அதைக் குறைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். வேனை எடுக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து, சூட்டுச் சக்கரம் இருந்த சுவர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்.