பதினேழாவது கோடு

எங்கள் சம்மட்டிக்காரர் ஏழுமலை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் முட்டுக்காட்டில், உச்சி வெயிலில், அதிர்வை உணரும் இருபத்து நான்கு ஜியோபோன்களையும் வரிசையாகத் தரையில் ஊன்றி முடித்திருந்தேன். அவர் மனைவி தேவகிதான் அழைத்தாள். "மேடம், அவரு பூட்டாரு. காலைல நாஸ்தா துன்னுகினு இருந்தாரு, நெஞ்சப் புடிச்சிகினாரு, அவ்ளோதான்." போனை வைத்துவிட்டாள். அடுத்து அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு, சைக்கிள் டியூப் சுற்றிய அந்தச் சம்மட்டியைத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டடம் எழும்புமுன் மண்ணின் உறுதியைச் சோதிப்பது எங்கள் தொழில். தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்போம். அதிர்வு மண்ணுக்குள் ஓடி ஒவ்வொரு ஜியோபோனையும் தொடும் நேரம், திரையில் ஒவ்வொரு கோடாக விழும்; சம்மட்டிக்குப் பக்கத்தில் இருப்பது முதல் கோடு, தூரத்துக் கடைசி இருபத்து நான்காவது. பாறையில் விரைந்து வரும், இளகிய மண்ணில் தாமதிக்கும். பக்கத்தில் யாராவது நடந்தால் அந்தக் காலடியும் கோட்டில் துள்ளும்.

ஆகவே ஏழுமலை கையை உயர்த்தினால் யாரும் அசையக் கூடாது. நாவலூரில் ஒரு கம்பெனி மேலாளர் போனில் பேசிக்கொண்டே குறுக்கே வந்துவிட்டார். "அண்ணாத்த, அப்டியே நில்லு!" இவர் போட்ட அதட்டலில் அந்த மனிதர் தூக்கிய காலைக் கீழே வைக்காமல், மூன்று சம்மட்டி அடியும் முடியும்வரை நின்றார். பிறகு ஏழுமலையே போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

படூர் விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. நான்கு மாடிக் குடியிருப்புக்கான மனை. நடுப்பகல், காற்றே இல்லை. அவர் கையை உயர்த்தினார். ஆனால் திரையில் கடைசிக் கோடு, இருபத்து நான்கு, துள்ளியது. அடுத்து இருபத்து மூன்று. இருபத்து இரண்டு. நிமிர்ந்து பார்த்தேன்; அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

"யாரோ வராங்க மேடம். போவட்டும், அப்பால அடிக்கலாம்" என்றார்.

"யாருய்யா வர்றது? ஒயர் லூஸு" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தது. அதை மறைக்கத்தான் அந்தக் கத்தல். துள்ளல் பதினேழாவது கோடுவரை வந்து நின்றுவிட்டது. காத்திருந்தோம். அது அதற்கு மேல் வரவில்லை. பிறகு அடித்தார்.

அலுவலகத்தில் பார்த்தால், பதினேழிலும் பதினெட்டிலும் அதிர்வு ரொம்பத் தாமதம். சரியாக ஊன்றாத ஜியோபோன் என்று முடிவு கட்டி, அந்த இரண்டு கோடுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மண் உறுதி என்று அறிக்கையும் தயார். கையெழுத்து மட்டும் பாக்கி.

ஏழுமலை மேசைக்கு எதிரே வந்து நின்றார். "பதினேழ இன்னாத்துக்கு மேடம் எடுத்த? அது அங்கதான நின்னுச்சு, போவவே இல்லியே."

"பேய்க் கதையை எல்லாம் அறிக்கையில எழுத முடியாது ஏழுமலை."

"பேய எழுத வாணாம். லேட்டா வந்துச்சுன்னு எழுது. அது எழுதலாம் இல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொன்னது நியாயம் என்பதால் வந்த கோபம். மறுநாள் வேறு ஒயர், வேறு ஜியோபோன் போட்டு அடித்தோம். அதே இடம், அதே தாமதம். ஜேசிபியை வரவழைத்துத் தோண்டினால், கந்தல் துணியும் குப்பையும் கொட்டி மூடிய பழைய பாசனக் கிணறு. மேலே இருந்த மண் வெறும் மூடிதான். அதன்மேல் நான்கு மாடி, எத்தனை குடும்பங்கள்! ஜேசிபி ஓட்டியவர் அந்த ஊர்க்காரர். எங்கள் வரிசையின் கடைசி முனையைக் காட்டி, "அங்கருந்துதான் கெணத்துக்கு நடந்து வருவாங்க" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முட்டுக்காட்டுக்கு வருகிறேன். போனை வைத்ததும் கிளம்பியிருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு அடி, அவருடைய சம்மட்டியால், அடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. ஏழுமலை வராததால் அன்று அதைப் பிடித்திருந்தவர் உதவியாளர் ஸ்டீபன். நான் கையை உயர்த்தினேன். எல்லோரும் நின்றார்கள்.

இருபத்து நான்காவது கோடு துள்ளியது.

"ஒயரு பேஜாரா மேடம்?" என்றார் ஸ்டீபன். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கோடாக, பதினேழையும் தாண்டி, அது முதல் கோட்டுக்கு, சம்மட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அழுதும்விட்டேன்.

"அடிக்கட்டா?"

"இருங்க ஸ்டீபன். போவட்டும்."

கை வலிக்கும்வரை தூக்கியபடியே நின்றேன். அது போகவில்லை. கடைசியில் அப்படியே அடிக்கச் சொன்னேன்.

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கோட்டைக்கூட நான் எடுக்கவில்லை.