நிலாக்கொடியை வெட்டின அத்தான்

எங்க வீட்டு ஆளுகள ஒரு தோட்டத்துக்குள்ள சும்மா உக்கார வைக்கலாம்னு நெனச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

நெசத் தோட்டம்கூட இல்ல. பெங்களூர்ல வேலை பாத்தப்போ பழகின விளையாட்டு அது. ஒருத்தர் ஒரு மாய உலகத்த வாயாலயே சொல்லிக்கிட்டு வரணும். மத்தவங்க ஆளுக்கொரு வேசம் எடுத்து, அதுக்குள்ள என்ன செய்யப்போறோம்னு சொல்லணும். அது பலிக்குமா பலிக்காதான்னு இருபது முகப் பகடைய உருட்டிப் பாக்கணும். இப்ப அனுமந்தன்பட்டியில வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை. இங்கன யாரு கூட விளையாட?

அக்காதான் கோம்பையில இருந்து போன் போட்டு அழுதா. அத்தான் திராட்சைத் தோட்டத்த மொத்தமா ஜேசிபி விட்டுப் புடுங்கிட்டாக. வருசா வருசம் மழையில பழம் வெடிச்சு, நோய் விழுந்து, மனசு விட்டுப்போச்சு. அதுலருந்து வாயத் தொறக்குறதில்ல. சோறு வேணுமான்னா "ம்". வேணாமான்னா அதுக்கும் "ம்". "நாலு பேரோட ஒரு மணி நேரம் உக்காந்து பேசட்டும்டி, இப்படியே விட்டா இந்த மனுசன் எனக்கு இல்லாமப் போயிருவாரு"ன்னா.

சரின்னு அவுகளுக்காகவே ஒரு வனத்த நோட்டுல எழுதினேன், நாப்பது பக்கம். அங்க சண்டை இல்ல, பசி இல்ல, வெயில்கூட உறைக்காது. நடுவுல நிலாக்கொடி. ஆயிரம் வருசமா ஒரு இலைகூட உதிராத கொடி. அதுல காயம் பட்டா வனமே அழிஞ்சுரும். உள்ள போறவுக கொடிக்கடியில உக்காந்தாப் போதும், மனசு ஆறிரும். இதுதான் நான் போட்ட கணக்கு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலு பேரும் உக்காந்தோம். பன்னீர் ஓடைய நான் சொல்லி முடிக்கல, எங்க வீட்டுக்காரர், அவுக வேசம் வாள்வீரன், கேட்டாக: "தண்ணி எங்கருந்து வருது? போரா, கெணறா?"

"மாயத்துல வருது!"

"மாயம்னாலும் மோட்டாரு வேணும்ல?"

மந்திரக்காரியா வந்த அக்கா, பேசுற பூவப் பறிச்சு மடியில கட்டப் போனா. தொடுத்தா எத்தனை முழம் வரும்னு கேக்குறா! அடுத்த வாரம் வாள்வீரனுக்குக் காட்டுப்பன்னிக் கவலை, சுத்தி வேலி போடணுமாம். அடக் கடவுளே, எத்தனை தடவ சொல்றது, இங்கன யாரும் எந்த வேலையும் செய்ய வேணாம்னு! தலையில அடிச்சுக்கிட்டேன். அத்தானுக்கு வழிப்போக்கன் வேசம் குடுத்திருந்தேன். அவுக மட்டும் மூணு வாரமும் "ம்"முனு உக்காந்திருந்தாக.

நாலாவது வாரம் எல்லாரையும் நிலாக்கொடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆயிரம் வருசமா ஒரு இலைகூட உதிரலன்னு ராகம் போட்டுச் சொன்னேன்.

"அம்புட்டு வருசமாவா?" அத்தான் குரல். "கிளைய வெட்டிக் கவாத்து பண்ணவே இல்லையா?"

"அத்தான், அது தெய்வக்கொடி."

"இருக்கட்டும்த்தா. இலை முத்திக் கெடக்கும். இப்படியே விட்டா காய்க்காது. நான் வெட்டுறேன்."

பகடைய உருட்டினாக. விழுந்தது இருபது. அதுக்கு மேல நம்பரே கிடையாது, வெட்டு பலிச்சே ஆகணும். அக்கா என் தொடையக் கிள்ளினா. ஆத்திரத்துல எனக்கு ஒண்ணும் உறைக்கல. "போங்க, வனம் அழிஞ்சு போச்சு, எல்லாம் செத்துப்போச்சு, திருப்தியா?"ன்னு நோட்டத் தூக்கி எறிஞ்சேன்.

"சாகாது"ன்னாக அத்தான். "வெட்டினா மொட்டையாத்தான் நிக்கும். பத்து நாளு பொறு."

அவுக போன பின்னாலதான் அக்கா கிள்ளினது எதுக்குன்னு விளங்குச்சு. மூணு மாசத்துல அந்த மனுசன் பேசின மொத்தப் பேச்சும் அதுதான். நான் என்னடான்னா செத்துப்போச்சுன்னு அவுக மூஞ்சிக்கு நேரா கத்தியிருக்கேன். எனக்கே என்னை ரெண்டு அறை விடணும்போல இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்னுட்டாக. போச்சு, கெடுத்துட்டேன்னு கெடந்தேன். வெட்டிப் பதினோரு நாள் கழிச்சு, வியாழக்கிழமை காலையில, ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கிட்டு இருக்கு, வாசல்ல வண்டிச் சத்தம். காதுல மாட்டுனதக் கழட்டிட்டு ஓடினேன்.

அத்தான் வண்டிய விட்டு இறங்கக்கூட இல்ல. "துளிர்த்திருச்சா?"

அழிஞ்சதுன்னு நோட்டுல கொட்டை எழுத்துல எழுதி வச்சிருந்தேன். "துளிர்த்திருச்சு அத்தான்."

"குச்சிக்கு எத்தனை கண்ணு துளிர் விட்டுருக்கு?"

"ரெண்டு…"

"ரெண்டா? இருபது விழுந்த வெட்டுக்கு நாலு வந்திருக்கணுமே."

நான் மனசுல உண்டாக்கின வனத்துல என்கிட்டயே குத்தம் கண்டுபிடிக்கிறாக! வந்த கோவத்துல பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"கெணத்தோரம் ஒரு வரிசை புடுங்கல"ன்னாக அத்தான், தரையப் பாத்துக்கிட்டு. "எல்லாம் போச்சுன்னுதான் உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கேன். அதக் கவாத்து பண்ணணும். ஒத்தையில போக முடியலத்தா."

"இத வாயத் தொறந்து சொல்ல இத்தனை நாளா?"ன்னு கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துருச்சு. "அக்காவையும் கூட்டிட்டுப் போவோம். கத்திரி இருக்கா, அதையும் தூக்கிப் போட்டாச்சா?"

அத்தான் வண்டிப் பெட்டியத் தொறந்து காட்டினாக. மூணு கத்திரி இருந்துச்சு, மூணும் சாணை பிடிச்சு.