சண்டை இல்லாத ரோபோ படம்

திரையில் முக்கால் மணி நேரமாக ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ரோபோக்கள் வருகின்றன, நிற்கின்றன, போகின்றன. விண்வெளிக் கப்பலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் குடும்ப விழா அது. மைதானம் நிறையப் பிள்ளைகள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறிக் கத்தினாள்.

"அங்கிள், சண்ட எப்போ?"

புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற நான் மெல்ல அதன் பின்னால் ஒதுங்கினேன். அந்தப் படத்தை வெட்டி ஒட்டியது உங்கள் அப்பன்தான், பிள்ளைகளா.

அப்போது நான் மணவாள நகரில் ஒரு கல்யாண வீடியோ கடையில் லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி பழவேற்காட்டு பாய். லோக்கல் கேபிள் சேனலும் அவருடையதுதான். அதில் சாயங்காலம் ஒரு ஜப்பான் ரோபோ தொடர் தமிழ் டப்பிங்கில் ஓடும். அந்த நேரத்தில் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. ஆலைக்காரர்கள் மொத்தத் தொடரையும் ஒரே சினிமாவாக்கி விழாவில் போடச் சொன்னார்கள். டப்பிங் கம்பெனியும் சம்மதித்தது. ஆனால் கடையில் வீடியோவை வெட்டி ஒட்டி மிக்ஸிங் பண்ணும் அண்ணன் வேலையை விட்டுப் போயிருந்தார்.

பாய் என்னைக் கூப்பிட்டார். "டேய் சேகரு, நீ பண்றா. பசங்க கை தட்டுனா மிக்ஸிங் சீட்டு உனுக்கு. இல்லாங்காட்டி லைட்டத் தூக்கினு பழையபடி மண்டபம் மண்டபமா சுத்து."

மிக்ஸிங் சீட்டு என்றால் ஏசி ரூம், சுழல் நாற்காலி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நான் அறிந்ததெல்லாம் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த கல்யாண மிக்ஸிங். அதில் வந்தவர் முகம் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. விட்டால் மாப்பிள்ளையின் சித்தப்பா சண்டைக்குக் கடைக்கே வந்துவிடுவார். சண்டை ஒன்றுகூடத் தெரியக் கூடாது. சம்பந்தி முறைத்தது, பந்தியில் இலை பறந்தது எல்லாவற்றையும் வெட்டி 'கட்டிங்' டேப்பில் போட்டுவைக்க வேண்டும்.

அப்படியே செய்தேன். தொடரில் தலைகாட்டிய ஒவ்வொரு முகமும் உள்ளே. லேசர் பறந்த இடமெல்லாம் வெளியே. எதிரிப் படையின் கொம்பு வைத்த தளபதி, ஹீரோவின் கப்பலுக்குள் நுழைவதை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஸ்லோ மோஷனில் வைத்து, மேலே ரோஜாப்பூ கொட்டும் எஃபெக்டும் போட்டேன். பாய் கொஞ்சம் பார்த்துவிட்டு, "மூஞ்செல்லாம் பளிச்சுனு கீதுடா" என்று போய்விட்டார். அவரும் கல்யாண வீடியோக்காரர்தானே.

இப்போது மைதானத்தில் அவர் என்னை நோக்கி வேகமாக வந்தார்.

"இன்னாடா இது, ரோபோக்கு நிச்சயதார்த்தமா? சண்ட எங்கடா?"

"கட்டிங் டேப்புல கீது பாய்."

"அது எங்க கீது?"

"பையில பாய்."

பாய் மைக்கைப் பிடுங்கினார். "இன்டர்வெல்! பசங்களா, ஓடு, எல்லாரும் பப்ஸ் வாங்கிக்க!"

பப்ஸ் தீர்வதற்குள் கட்டிங் டேப்பைச் சொருகினேன். முதல் காட்சியிலேயே ஒரு கப்பல் இரண்டாகப் பிளந்தது. அப்புறம் மூச்சுவிட நேரமில்லை. சண்டை முடிந்தால் அடுத்த சண்டை. சிவப்பு ரோபோவின் கை பிய்ந்து பறந்தது. அடுத்த சண்டையில் கை ஒட்டியே இருந்தது. ஒரு பிள்ளையும் ஏனென்று கேட்கவில்லை. அத்தனை பேரும் நாற்காலி மேல். ஆலை அதிகாரி ஒருவர் கடித்த பப்ஸை விழுங்க மறந்து நின்றார்.

அந்தச் சின்னப் பெண் மட்டும் திரும்பித் தன் அம்மாவைக் கேட்டாள். "ம்மா, அப்போ ஒண்ணா குந்தி சாப்ட்டாங்களே. இப்ப ஏன் அட்ச்சிக்கிறாங்க?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பந்தியில எதுனா கொற வெச்சிருப்பாங்க. உங்க சின்ன அத்த கல்யாணத்துல இதேதான நடந்துச்சி."

"அந்தக் கொம்புக்காரருக்கு அப்பளம் வெக்கல போல" என்றார் பக்கத்து அம்மா.

வரிசையே தலையாட்டியது. நான் ஒட்டாத கதையை அவர்கள் ஒட்டிவிட்டார்கள்! கைதட்டல் மைதானத்தைத் தாண்டிப் போனது.

பாய் விசிலடித்துவிட்டு என் தோளில் ஒன்று போட்டார். "போய் சீட்டுல குந்துடா. அந்த ரோஜாப்பூவ மட்டும் எடுத்துடு."

பிள்ளைகளா, எந்த வேலையைத் தொட்டாலும், அதைப் பார்க்க வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வேண்டாமென்று வெட்டியதை எறிந்துவிடாதீர்கள். உங்கள் காதுகுத்து வீடியோவையும் அதே நாற்காலியில்தான் மிக்ஸிங் பண்ணினேன். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் தாய்மாமன் பாயச வாளியைத் தூக்கி எறிந்தது கட்டிங் டேப்பில் பத்திரமாக இருக்கிறது.