ஏட்டையா கையால் மட்டும்

இலஞ்சியில் இசக்கிமணி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். 'நாய் ஏட்டையா' என்று கேட்டுப் பாருங்கள், சின்னப்பிள்ளைகூடத் தோப்பு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டி, கட்சி என்று ஒதுங்குவது வழக்கம். இவரோ தென்னந்தோப்பில் பழைய டயரைத் தொங்கவிட்டார். நாய் ஏறி இறங்கப் பலகைகளைச் சாய்த்தார், வளைந்து வளைந்து ஓட மூங்கில் கம்புகளை வரிசையாக நட்டார். "அண்ணாச்சிக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் தேங்காய் பறிக்க வந்தவர் மரம் ஏறினார்.

கிறுக்கெல்லாம் இல்லை, பிராவோவின் நினைப்பு. ஒன்பது வருஷம் அவரோடு வேலை பார்த்த நாய். குற்றால சீசன் கூட்டத்துக்குள் அவர் முழங்காலை ஒட்டியே நடந்து வரும். அருவி இரைச்சலிலும் அவர் நாக்கைச் சொடுக்கினால் அதற்குக் கேட்கும். நாய்க்குச் சோறு அதன் ஆள் கையால் மட்டும்தான் என்பது அவர்கள் பிரிவின் கட்டளை. வேறு யார் கறித்துண்டை நீட்டினாலும் பிராவோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவர் ஓய்வு பெற்ற அன்று அதை இன்னொருவரிடம் ஒப்படைத்தார்கள். நாலு நாள் சாப்பிடவில்லையாம். ஐந்தாம் நாள் சாப்பிட்டுவிட்டது என்று போன் வந்தபோது, "நல்லதாப் போச்சு" என்றார். மனசுக்குள் என்னமோ போல் இருந்தது.

போன வைகாசியில் மேலத்தெரு சங்கரேஸ்வரி டைசனை இழுத்துக்கொண்டு வந்தாள். உண்மையில் டைசன்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தது. பெல்ஜியன் மாலினாய்ஸ், ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ஜாதி. பட்டாளத்தில் இருக்கும் அவள் மகன் லீவில் வந்து ஆசையாக வாங்கிவிட்டு, லீவு முடிந்ததும் ரயிலேறிவிட்டான். அது காம்பவுண்டைத் தாண்டித் தெருக் கோழிகளை விரட்டிக்கொண்டு திரிந்தது.

"அண்ணாச்சி, ஆடி முடியதுக்குள்ள இவன் என் சொல்லுக்கு அடங்கலைன்னா யாருக்காவது குடுத்துருன்னு மவன் சொல்லுதான். வீட்டுல நான் ஒத்தையில கெடக்கேன். இவனும் போயிட்டாம்னா எனக்கு யாரு இருக்கா?"

"காலையில கொண்டாந்து விட்டுட்டுப் போ தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

நாற்பது நாளில் டைசன் டயருக்குள் பாய்ந்தது, கம்புகளுக்கிடையே நெளிந்தோடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் தன் கையாலேயே அவித்த முட்டைத் துண்டு கொடுத்தார். நாக்கைச் சொடுக்கினால் காதை விறைத்துக்கொண்டு வந்து காலடியில் நின்றது. ஏட்டையாவுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது.

ஆடி பிறந்ததும் சங்கரேஸ்வரியிடம் நாயை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். "டைசா, ஓடுலே" என்றாள். அது உட்கார்ந்து ஏட்டையாவையே பார்த்தது. முட்டையை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஒங்க நாயால்லா ஆயிட்டான், அண்ணாச்சி" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பழக்க தோஷம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் பாதி தெரிந்தேதான் செய்திருந்தார்.

மறுநாளிலிருந்து முட்டை டப்பா அவள் கைக்குப் போனது. அவர் மரத்தடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நாய் ஓடிவந்து மடியில் மூக்கை வைக்கும். தொடமாட்டார். தொடாமல் இருப்பதுபோல் கஷ்டமான வேலையை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. முதல் வாரம் அது பாதி ஓட்டத்தில் நின்று அவரைத் தேடியது. மூன்றாம் வாரம் அவள் கையால் தின்றது.

ஆடி கடைசி வெள்ளியன்று லேசான சாரல். பலகை உச்சியில் ஏறிய டைசன் வழக்கம்போல் நின்று ஏட்டையாவைப் பார்த்தது. அவர் எழுந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "ஏலே டைசா, எங்கிட்ட வால" என்று சங்கரேஸ்வரி கூப்பிடுவது கேட்டது. பிறகு பலகை தடதடத்தது, கம்புகள் ஒவ்வொன்றாய் ஆடும் சத்தம் கேட்டது, அவள் சிரித்தாள். அவர் திரும்பிப் பார்த்தபோது நாய் அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"மவனுக்கு இப்பமே வீடியோ அனுப்புதேன்" என்றாள். "நாளைக்கு எப்ப கூட்டிட்டு வரட்டும், அண்ணாச்சி?"

ஏட்டையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே இங்கன கூட்டிட்டு வராத தாயி" என்றார்.